கிரவுன் பினியன் மாற்றப் போகிறீர்களா? முதலில் பல்லை எண்ணுங்கள்

காசிமேட்டில் ஐஸும் மீனுமாக ஏற்றும் குட்டி லோடு வண்டி, மணலிப் பக்கம் இரும்பு ஏற்றும் பிக்கப், இரண்டுக்கும் ஒரே புகார்தான்: "இழுக்க மாட்டேங்குது, ரேஷியோ மாத்திக் குடுங்க." அதாவது பின் ஆக்சிலின் நடுவில் உள்ள டிஃப்ரன்ஷியலில் இருக்கும் பெரிய வட்டப் பல்சக்கரம் கிரவுனையும், அதைச் சுற்ற வைக்கும் சின்னப் பல்சக்கரம் பினியனையும் மாற்றச் சொல்கிறார்கள். அப்படிக் கேட்டு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ரேஷியோ மாற்றவே தேவையில்லை. வடசென்னை சமதளம். மேம்பாலச் சரிவை விட்டால் ஏற்றமே கிடையாது. முன்பு இதே லோடோடு ஏறிய பாலத்தில் இப்போது திணறுகிறது என்றால் கிளட்ச் தட்டு வழுக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டயரில் காற்றுக் குறைந்திருக்கலாம், பின் பிரேக் பிடித்துக்கொண்டு சுற்றலாம். இவற்றைப் பார்த்துவிட்டு டிஃப்ரன்ஷியலில் கை வையுங்கள். ஆர்சி புத்தகத்தில் உள்ள மொத்த எடையை மீறி ஏற்றுவதுதான் காரணம் என்றால் அதற்கு ரேஷியோ மருந்தல்ல. பல் மாறினாலும் ஆக்சிலும் ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் அதேதான்.

கணக்கு எளிது. கிரவுனின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல்லால் வகுத்தால் ரேஷியோ. 41-க்கு 10 என்றால் 4.1. 41-க்கு 9 என்றால் 4.56. பினியனில் ஒரே ஒரு பல் குறைந்ததில் சக்கரத்தில் இழுவை 11 சதவீதம் கூடுகிறது. அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்றும் 11 சதவீதம் கூடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 2500 சுற்றில் ஓடிய இன்ஜின் இனி 2780-ஐ நெருங்கும். எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர்களுக்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது கியரில் ஊர்கிறவருக்கு இது லாபம். வாரம் மூன்று முறை நெல்லூர் போய் வருகிறவருக்கு டீசலும் போகும், காதும் போகும்.

வண்டியில் இப்போது இருப்பது என்ன ரேஷியோ என்று பிரிக்காமலே பார்க்கலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுங்கள், மற்றது தரையில் இருக்கட்டும். தூக்கிய சக்கரத்தை 20 சுற்றுச் சுற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டு) எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். மற்ற சக்கரம் நிற்பதால் ஷாஃப்ட் பாதிதான் சுற்றும், எனவே வந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் ரேஷியோ: 41 வந்தால் 4.1. நாற்பத்தைந்தரை வந்தால் 4.56. இரண்டே சுற்றில் நிறுத்தினால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இனி சாமான். கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்து எடுக்கப்பட்டவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். புதுப்பேட்டையில் ஒரு கடையில் கிரவுனும் இன்னொரு கடையில் பினியனும் வாங்கிச் சேர்த்தால் எந்த ஷிம் (அளவைச் சரிக்கட்டும் மெல்லிய தகடு) போட்டாலும் ஊளைச் சத்தம் போகாது. பழைய சாமான்தான் வாங்குவதென்றால் அதே மாடலின் முழு டிஃப்ரன்ஷியலையும் கழற்றாமல் அப்படியே வாங்குவது மேல். புது ஜோடி போடும்போது பினியன் பேரிங் இரண்டு, பக்கவாட்டு பேரிங் இரண்டு, ஆயில் சீல், நசுங்கும் ஸ்பேசர் (நட்டை முடுக்கும்போது நசுங்கிப் பேரிங் இறுக்கத்தைத் தரும் குழாய்), பினியன் நட், கிரவுன் போல்ட்டுகள் எல்லாம் புதிதாக இருக்கட்டும்.

பிரிக்கும்போது வடிக்கும் பிளக்கைத் தொடுமுன் நிரப்பும் பிளக்கைத் திறந்து பாருங்கள். மீன் தண்ணீர் சொட்டிய ஹவுசிங்கில் அது உப்பில் இறுகிப் போயிருக்கும். ஆயிலை வடித்த பிறகு தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். பேரிங் மூடிகளில் இடது, வலது என்று பஞ்ச் குறி வையுங்கள். மாறிப் போட்டால் துளை வட்டமாக உட்காராது.

கிரவுனை டிஃப்ரன்ஷியல் கூட்டில் மாட்டச் சுத்தியலும் வேண்டாம், கேஸ் தீயும் வேண்டாம். தீ பட்டால் பல்லின் கடினம் போய்விடும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, ஈரத்தைத் துடைத்தால் தானாக இறங்கும். ஆறிய பிறகு போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள்.

வேலை முழுதும் இருப்பது மூன்று அளவுகளில். முதலாவது பினியனின் ஆழம், இதைத் தலைப்பக்க பேரிங்குக்கு அடியில் உள்ள ஷிம் தீர்மானிக்கிறது. இரண்டாவது பினியனின் இறுக்கம், அதாவது அதைச் சுற்றத் தேவைப்படும் முறுக்கு விசை. புது பேரிங்குடன் இந்த வகை வண்டிகளில் சுமார் 10 முதல் 20 கிலோ-சென்டிமீட்டர் வரும், அந்தந்த மாடலின் மேனுவலில் உள்ளதே முடிவு. நட்டை மெல்ல மெல்ல முடுக்கி, ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்க்க வேண்டும். அளவைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிக்கட்டாதீர்கள். நசுங்கிய ஸ்பேசர் மறுபடி நிமிராது, புதியது போடுங்கள். இங்கே சோம்பல் பட்டவர்களின் வண்டிதான் ஆயிரம் கிலோமீட்டரில் பினியன் ஆடித் திரும்பி வருகிறது.

மூன்றாவது, இரண்டின் பல்லுக்கும் இடையிலான பிளே, அதாவது இடைவெளி. டயல் கேஜில் (முள் வைத்த நுண்ணளவுக் கருவி) 0.13 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் வைக்கலாம், நான்கு இடங்களில் பாருங்கள். "கையால் ஆட்டினாலே தெரியும்" என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். பிறகு பல்லில் மார்க்கிங் ப்ளூ தடவி, கிரவுனைக் கொஞ்சம் தடுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். அடையாளம் பல்லின் நடுவில் விழ வேண்டும். பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிகமாக உள்ளே போயிருக்கிறது, ஷிம்மைக் குறையுங்கள். உச்சியில் விழுந்தால் ஷிம்மைக் கூட்டுங்கள். இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டுவது சகஜம். ஒரே தடவையில் சரியாகிவிட்டது என்றால் ஒருமுறை சந்தேகப்படலாம்.

ஆயில் ஜிஎல்-5 (கியர் ஆயிலின் தரக் குறியீடு) தரத்தில் மட்டும். கியர்பாக்ஸுக்கு வாங்கி மிஞ்சிய ஜிஎல்-4 இந்தப் பல்லின் உரசலைத் தாங்காது. நிரப்பும் துளை வழியே வழியத் தொடங்கும்வரை ஊற்றினால் போதும்.

பலர் மறப்பது ஸ்பீடோமீட்டரை. கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டியில் 4.1-ஐ 4.56 ஆக்கினால், முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 54. கிலோமீட்டரும் கூடுதலாக ஏறும். மாறாக 4.56-ஐ 4.1 ஆக்கினால்தான் ஆபத்து: 80-ல் கட்டுப்படுத்தும் கருவி அந்தச் சிக்னலையே நம்பினால் வண்டியை 89 வரை விட்டுவிடும். மீட்டரைத் திருத்தாமல் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோக வேண்டாம். உத்தரவாதத்தில் உள்ள வண்டி என்றால் முதலில் கம்பெனி சர்வீஸில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் 30 கிலோமீட்டர் காலி வண்டியாக நிதானமாக ஓட்டி, நிறுத்தி ஆற விடுங்கள். 500 வரை பாதி லோடு. 1000-ல் ஆயிலை மாற்றுங்கள். ஊளை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் பல் பதிவில் குறை. காலை எடுக்கும்போது வந்தால் பினியன் இறுக்கத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் ஆக்சில் முங்கத் தண்ணீரில் இறங்கியிருந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்க வேண்டாம். சூடான ஹவுசிங் சட்டென்று குளிரும்போது பிரீதர் (காற்றுத் துவாரம்) வழியே தண்ணீரை இழுக்கும். மறுநாளே பிளக்கைத் திறந்து பாருங்கள்: ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் முழுதும் வடித்து, பிரீதரையும் ஊதிச் சுத்தம் செய்துவிட்டு, புது ஆயில் ஊற்றுங்கள்.