வயிற்றுக்குள் போன 11 செண்ட்

வைரத்தில் சந்தேகம் என்று என்னிடம் வருவதில் இந்த மாதத்தில் இது மூன்றாவது. கோயம்புத்தூரில் என் மேசைக்கு எதிரே ஓர் அம்மாவும், நிச்சயம் முடிந்த அவர் பெண்ணும். வெல்வெட் பெட்டியில் ஒற்றைக்கல் வைர மோதிரம். அதைவிடப் பத்திரமாக, பிளாஸ்டிக் உறைக்குள் கல்லைச் சோதித்த ஆய்வுக்கூடத்தின் ரிப்போர்ட்.

"1.01 கேரட் சார். டி கலர், விவிஎஸ் ஒன்னு. இதுக்கு மேல கல்லே கிடையாதுன்னு கடையில சொன்னாங்க. ஆனா இவ அத்தை பொண்ணு போட்டிருக்கிறது இதைவிடச் சின்னக் கல்லு, அதுதான் தூக்கலா இருக்கு. எங்களுக்குக் கல்லை மாத்தி வச்சுட்டாங்களோன்னு சந்தேகம்."

மாற்றவில்லை. ரிப்போர்ட்டில் உள்ள எண்தான் கல்லின் ஓரத்தில் லேசரில் பொறித்திருந்தது. கல் அசல். எடை, கலர், கிளாரிட்டி எல்லாம் சொன்னபடி. டி என்றால் நிறமே இல்லாத கல், விவிஎஸ் என்றால் உள்ளே குறி மிக மிகக் குறைவு. ஆனால் அதே தாளில் அவர்கள் படிக்காமல் விட்ட வரி ஒன்று உண்டு: குறுக்களவு 6.2 மில்லிமீட்டர், ஆழம் அந்த அகலத்தில் 67 சதவீதம், கட் 'ஃபேர்', அதாவது பட்டை தீட்டிய தரம் சுமார்தான்.

டிராயரிலிருந்து ஒரு 90 செண்ட் (0.90 கேரட்) கல்லைச் சாமணத்தில் எடுத்து மோதிரத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். அதுவும் 6.2 மில்லிமீட்டர்தான். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அகலம். அந்தப் பெண் குனிந்து பார்த்துவிட்டு, "அது ஏன் சார் பெரிசாத் தெரியுது?" என்றாள். ஓரம் வரை வெளிச்சம் இருந்தது, அதனால். அவள் கல்லில் நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம், சுற்றிலும் சாம்பல் பூத்த மாதிரி. காசு கொடுத்து வாங்கிய கூடுதல் 11 செண்ட் கல்லின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்திருக்கிறது.

கேரட் என்பது எடை. 200 மில்லிகிராம் ஒரு கேரட், அதில் நூறில் ஒரு பங்கு செண்ட். ஒழுங்காகப் பட்டை தீட்டிய ஒரு கேரட் உருண்டைக் கல் சுமார் 6.5 மில்லிமீட்டர் இருக்கும். அந்த அகலத்துக்குத் தீட்டினால் எடை ஒரு கேரட்டுக்குக் கீழே இறங்கிவிடும் என்றால், பட்டறையில் வயிற்றைத் தடியாக விட்டுவிடுவார்கள். ஏனென்றால் 99 செண்டிலிருந்து 100-ஐத் தொட்டதும் கேரட் விலையே ஒரு படி ஏறும். தீட்டுகிறவரை நான் திட்ட மாட்டேன். 'முழுசா ஒரு கேரட் வேணும்' என்று அடம்பிடிப்பது நாம்தான்.

இதையாவது பொறுத்துக்கொள்வேன். 'விவிஎஸ் என்றால் நன்றாக ஜொலிக்கும்' என்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. படித்தவர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், டாக்டர்கள் என்று எல்லோரும் இதையே சொல்கிறார்கள். கிளாரிட்டி என்பது கல்லின் உள்ளேயும் மேலேயும் எத்தனை குறி இருக்கிறது, எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்பதன் கணக்கு. அதையும் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத்தான் போடுகிறார்கள். விவிஎஸ் கல்லில் குறியைக் கண்டுபிடிக்கப் பழகிய கண்ணுக்கே நேரம் பிடிக்கும். அதற்குக் கீழ்ப்படியான 'விஎஸ் 2' தரத்திலும் பொதுவாக வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. லென்ஸ் இல்லாமல் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து எது விவிஎஸ் என்று கேட்டால் நானும் முழிப்பேன். ஆனால் பில்லில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒரு புள்ளிகூட இல்லை. அது ஜொலிக்கிறதா? ஜொலிப்பு 57, 58 பட்டைகளும் எந்தக் கோணத்தில் விழுந்திருக்கின்றன என்பதில் இருக்கிறது. கோணம் தவறினால் மேலே திரும்ப வேண்டிய வெளிச்சம் அடி வழியாக ஓடிவிடும். அதற்கப்புறம் டி கலரானாலும் விவிஎஸ் ஆனாலும் கல் மந்தமாகத்தான் கிடக்கும். அதனால் உருண்டைக் கல் என்றால் கட் 'எக்ஸலண்ட்', அதில் மட்டும் பேரம் வேண்டாம். ஜி.ஐ.ஏ. என்ற அமெரிக்க ரத்தின ஆய்வு நிறுவனத்தின் ரிப்போர்ட்டில் இந்தக் கட் தரம் 2006 முதல் வருகிறது, அதுவும் உருண்டைக்கு மட்டும். ஓவல், பேரிக்காய் வடிவம் என்றால் கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் குறுக்கே கறுப்பு நிழல் தெரிந்தால் அடுத்த கல்லைக் கேளுங்கள்.

கரும்புள்ளி பயம் எனக்குப் புரிகிறது. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று சிலப்பதிகாரமே வைரத்துக்குக் குற்றம் எண்ணியிருக்கிறது. ராசி பார்க்க மூன்று நாள் வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களையும் நான் தடுப்பதில்லை. நடுப் பட்டைக்கு நேர் கீழே கறுப்பாக, கண்ணுக்கே தெரிகிற புள்ளி இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓரம் வரை ஓடுகிற கீறலும் வேண்டாம், பதிக்கும்போதோ எங்காவது இடிபட்டாலோ அங்கேதான் உடையும். கொக்கிக்கடியில் மறைகிற வெள்ளைப் பொட்டுக்காக லட்சங்களைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

ஏழுகல் தோட்டுக்கு விவிஎஸ் கேட்டு அலைகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். இரண்டு காதுக்கும் பதினான்கு கல், மொத்தம் ஒரு கேரட் என்றால் ஒரு கல் சுமார் 7 செண்ட். மூன்று மில்லிமீட்டர்கூட வராது. எதிரே நின்று பேசுகிறவருக்கு அதில் எந்தக் கிளாரிட்டி தெரியப் போகிறது? இன்னொன்று, 'ஒரு கேரட் தோடு' விலையை ஒரு கேரட் ஒற்றைக்கல் விலையோடு ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள். பொடிக் கல்லின் கேரட் விலை வேறு, ரொம்பக் குறைவு.

மஞ்சள் தங்கத்தில் பதிக்கப் போகிறீர்களா? டி கலர் எதற்கு? சுற்றியுள்ள தங்கத்தின் மஞ்சள் கல்லுக்குள் ஏறத்தான் செய்யும். சில படி கீழே உள்ள ஜி, எச் போதும். அந்த அம்மாவின் பட்ஜெட்டுக்கு 90 செண்ட், ஜி கலர், விஎஸ் இரண்டு, எக்ஸலண்ட் கட் வாங்கியிருக்கலாம். பார்வைக்கு அதே அளவு, கையில் நல்ல தொகை மிச்சம். இல்லை, பெரிசாகத்தான் வேண்டும் என்றால் அந்த மிச்சத்தில் இன்னும் அகலமான கல்லுக்கே போயிருக்கலாம்.

அகலம் வேண்டும் என்று தட்டையான கல்லை வாங்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. நடுப் பட்டைக்குள் சுற்றிலும் சாம்பல் வளையம் தெரியும், மீன்கண் என்போம். அதுவும் வேண்டாம்.

ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் சுத்தத்துக்கு. கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. லேபில் வளர்த்த கல் என்றால் அதுவும் வைரம்தான், போலி இல்லை. ஆனால் பில்லில் அப்படியே எழுதி வாங்குங்கள். திரும்ப விற்கும்போது இயற்கைக் கல்லின் விலையை அதற்கு எதிர்பார்க்காதீர்கள்.

கடையின் ஸ்பாட் லைட்டுக்குக் கீழே எல்லாக் கல்லும் அழகிதான். வாசல் நிழலுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள், விட மாட்டேன் என்றால் விளக்கில்லாத மூலைக்காவது போங்கள். 'மங்கிப் போச்சு' என்று விற்க வருகிற தோடுகளில் பாதி எண்ணெயும் மஞ்சளும்தான். வைரத்தில் பிசுக்கு சீக்கிரம் ஒட்டும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய மெல்லிய பிரஷ். முதலில் அதைச் செய்துவிட்டு என்னிடம் வாருங்கள்.

மோதிரத்தைக் கடையில் மாற்றிக்கொள்ளலாமா என்று அந்த அம்மாவும் பெண்ணும் என்னிடம் கேட்டார்கள். பிறகு கடையிலும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள், கழிவு போக வந்த தொகையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். "நீங்க சொன்னதிலிருந்து அவ அந்தக் கல்லோட ஓரத்தையே பாத்துக்கிட்டிருக்கா சார்" என்று போன வாரம் அம்மா போனில் வருத்தப்பட்டார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. தயவுசெய்து, பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த ரிப்போர்ட்டைப் போனில் ஒரு படம் எடுத்து, கல் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள். மில்லிமீட்டர் வரியும் படத்தில் தெரியட்டும்.