கர்னலுக்குள் ஓடும் பாக்கெட் நிரல்: வெரிஃபையர் பார்ப்பதும் பார்க்காததும்

லினக்ஸ் சர்வரின் நெட்வொர்க் கார்டுக்கு வந்து சேரும் பாக்கெட் எனும் தரவுத் துண்டு, பயன்பாட்டு நிரலின் கைக்குப் போவதற்கு முன் இயக்க முறைமையின் மையமான கர்னலுக்குள் நெடுவழி கடக்கிறது. டிரைவர் அதை எடுத்து எஸ்கேபி என்ற தரவுக் கட்டமைப்பில் வைக்க, அதன் பிறகு ஃபயர்வால் விதிகள், ரூட்டிங், சாக்கெட் என்று ஒவ்வொரு கட்டமாக அது நகர்கிறது. 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் வரும். ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 67 நானோவிநாடி. 3 கிகாஹெர்ட்ஸ் செயலியில் அது சுமார் 200 சுழற்சிகள்தாம். அந்த அவகாசத்துக்குள் எஸ்கேபியை ஒதுக்கி, நிரப்பி, விதிகளோடு ஒப்பிட்டு, கடைசியில் வேண்டாம் என்று எறிவது செயலியின் ஒரு கோரால் ஆகிற காரியமில்லை. பல கணினிகளிலிருந்து பாக்கெட்டுகளை வெள்ளமாய்க் கொட்டும் டிடாஸ் தாக்குதலின்போது ஃபயர்வால் விதி சரியாகவே இருந்தும் சர்வர் மூச்சுத் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு விடையாக 2016-இல் லினக்ஸ் 4.8 பதிப்பில் எக்ஸ்டிபி சேர்க்கப்பட்டது. டிரைவர் பாக்கெட்டைக் கையில் எடுத்த கணத்திலேயே, எஸ்கேபி உருவாவதற்கு முன்பே, நாம் எழுதிய நிரல் ஓடி, மேலே அனுப்பலாமா, எறிந்துவிடலாமா, வந்த கார்டின் வழியே திருப்பி விடலாமா, வேறு கார்டுக்கு மாற்றலாமா என்று முடிவு சொல்லிவிடும். 2018-இல் இதை உருவாக்கியவர்களில் சிலர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், ஒரே கோரில் விநாடிக்கு 2 கோடியே 40 லட்சம் பாக்கெட்டுகள் வரை கையாள முடிந்ததாகக் காட்டியிருந்தார்கள். வரும் போக்குவரத்தைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்து தரும் ஃபேஸ்புக்கின் கட்ரான் லோடு பேலன்சரும், கிளவுட்ஃப்ளேரின் தாக்குதல் தடுப்பும் இதன்மேல் நிற்பவை.

எக்ஸ்டிபியில் ஓடுவது இபிபிஎஃப் வகை நிரல்; அதன் வேர் பழையது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ஸ்டீவன் மெக்கேனும் வான் ஜேக்கப்சனும் 1992-இல் எழுதிய பிபிஎஃப், வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவிக்குத் தேவையானவற்றை மட்டும் கர்னலுக்குள்ளேயே வடிகட்டித் தருவதற்காகப் பிறந்தது. 2014-இல் அலெக்ஸே ஸ்டாரோவொய்டோவ் அதைப் பத்துப் பொதுப் பதிவேடுகளும் 64 பிட் கணக்கும் தகவலைச் சேமித்து வைக்கும் மேப்புகளும் கொண்ட இபிபிஎஃப்-ஆக விரித்தார். இன்று இதைக் கையால் எழுதாதவர்களின் சர்வர்களிலும் இது ஓடுகிறது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் கிளஸ்டரில் சிலியம் என்ற நெட்வொர்க் மென்பொருளை நிறுவியிருந்தால் ஓடும். அதுவும் வேண்டாம், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சாதாரண சிஸ்டம்டி கூடச் சில சேவைகளுக்காக இபிபிஎஃப் நிரல்களை ஏற்றி வைத்திருக்கும். பிபிஎஃப்டூல் கொண்டு ஏற்றப்பட்ட நிரல்களின் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்க்கும் நிர்வாகிகள் பலர், “இதையெல்லாம் யார் போட்டது?” என்று கேட்பதைக் கண்டிருக்கிறேன்.

“வெரிஃபையர் இருக்கிறது, ஆகவே பயமில்லை” என்பது இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் சொல். அது பாதி உண்மை. கர்னலுக்குள் ஏற்றப்படும் ஒவ்வொரு நிரலையும் வெரிஃபையர் வழி வழியாக நடத்திப் பார்க்கிறது. பாக்கெட்டின் முடிவைத் தாண்டிப் படிக்க வாய்ப்பு இருக்கிறதா, முடிவில்லாமல் சுழலுமா, 512 பைட் ஸ்டாக்கை மீறுமா என்று சோதிக்கிறது. ஈதர்நெட் தலைப்பைப் படிக்கும் முன், அந்தத் தலைப்பின் நீளம் பாக்கெட்டின் முடிவுக்குள் அடங்குகிறதா என்று ஒரு வரி ஒப்பீட்டை எழுதாவிட்டால் நிரலை ஏற்றவே விடாது. இவ்வளவும் கர்னல் விழுந்துவிடாமல் காப்பதற்கே. நிரல் செய்யும் முடிவு சரியா என்ற கேள்வி வெரிஃபையரின் வேலையில் சேராது.

ஒரு சிறு உதாரணம். தொலைவிலிருந்து சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் போர்ட்டான 22-க்கு வருவதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எறியும் நிரல் ஒன்றை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டில் எண்கள் பெரிய பைட் முதலில் வருமாறு இருக்கும். இன்டெல் வகைச் செயலியில் சிறிய பைட் முதலில் வரும். மாற்றாமல் ஒப்பிட்டால் 22 என்பது 5632 ஆகத் தெரியும். வெரிஃபையர் இதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும்; நிரல் ஏறிய கணமே நம் எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்து, தரவு மையத்தில் கன்சோலைத் தேடிப் போக வேண்டியதுதான். ஐபி தலைப்பு எப்போதும் 20 பைட்தான் என்று கொள்வதும் இதே ரகம்: ஆப்ஷன்கள் உள்ள பாக்கெட்டில் போர்ட் எண்ணுக்குப் பதில் வேறெதையோ படிப்போம். துண்டாக்கப்பட்ட பாக்கெட்டின் இரண்டாம் துண்டிலோ போர்ட் எண்ணே இருக்காது. பாக்கெட் எந்த உள்வலையைச் சேர்ந்தது என்று சொல்லும் விலேன் டேக்கைக் கார்டே வன்பொருளில் உரித்துவிடும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், டேக்கைப் பார்த்து முடிவெடுக்கும் நிரலுக்கு அது கண்ணிலேயே படாது.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது, நாம் பழகிய கருவிகள் எல்லாம் எக்ஸ்டிபிக்குப் பின்னால் நிற்பது. ஒரு நிறுவனத்தில், ஒரே ஒரு கிளை அலுவலகத்திலிருந்து மட்டும் சர்வரை எட்ட முடியவில்லை என்று அழைத்தார்கள். டிசிபிடம்ப்பில் அந்தக் கிளையின் பாக்கெட் ஒன்றும் இல்லை; ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸின் எண்ணிக்கைகளும் அசையவில்லை. ஆகவே குறை இணைய இணைப்பு தருபவருடையது என்று முடிவு கட்டி, அவர்களோடு வாரக்கணக்கில் மின்னஞ்சல் சண்டை நடந்திருந்தது. ஐபி கட்டளையால் இன்டர்ஃபேஸின் விவரத்தை எடுத்தபோது, எக்ஸ்டிபி என்ற சொல்லும் ஒரு நிரல் எண்ணும் அந்த வரியிலேயே இருந்தன. முன்பு நடந்த தாக்குதலின்போது யாரோ ஏற்றிய தடுப்பு நிரல். அதன் மேப்பில் இருந்த ஒரு முகவரி வரம்பு, பின்னாளில் அந்தக் கிளைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எக்ஸ்டிபி எறிந்த பாக்கெட் டிசிபிடம்ப்பை எட்டுவதே இல்லை என்பது தெரிந்திருந்தால் அது அரைமணி நேர வேலை.

ஏற்றிய செயல்முறை முடிந்துபோன பிறகும் நிரல் கார்டிலேயே தங்கிவிடக்கூடும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். செயல்முறைப் பட்டியலில் எதுவும் தெரியாது. எனவே பாக்கெட் காணாமற்போகும் எந்தப் புகாரிலும் முதலில் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்கள். பிறகு ஈத்டூல் கருவியில் டிரைவர் தரும் எண்ணிக்கைகளைப் பாருங்கள். பல டிரைவர்கள் எக்ஸ்டிபி எறிந்ததைத் தனியாகவே எண்ணி வைக்கின்றன. எக்ஸ்டிபி கட்டத்திலேயே பாக்கெட்டைப் பிடிக்க எக்ஸ்டிபிடம்ப் என்ற கருவி இருக்கிறது. நீங்களே நிரல் எழுதுவதானால், எறிவதற்கான ஒவ்வொரு காரணத்துக்கும் மேப்பில் தனி எண்ணி வையுங்கள். அதற்கு ஆகும் சில சுழற்சிகளை மிச்சம் பிடிக்க நினைப்பது வீண் கஞ்சத்தனம்.

பாதுகாப்பின் பக்கம் வந்தால், வெரிஃபையரும் ஒரு நிரல்தான். அதிலும் பிழை வரும். 2020 மார்ச்சில் நடந்த போன்-டூ-ஓன் போட்டியில், 32 பிட் கணக்கின் எல்லைகளை வெரிஃபையர் தவறாகக் கணித்ததைப் பயன்படுத்தி, சாதாரணப் பயனர் ஒருவர் உபுண்டுவில் முழு அதிகாரமுள்ள ரூட் ஆக முடியும் என்று காட்டினார்கள். அதற்கு முன் 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாடு வெளியானபோது, கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு செய்து காட்டிய தாக்குதலிலும் இபிபிஎஃப் பயன்பட்டது. ஆகவே ரூட் அல்லாத பயனர்கள் நிரல் ஏற்றுவதைத் தடுக்கும் கர்னல் அமைப்பு (சிஸ்சிடிஎல்) 1 அல்லது 2 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். 1 வைத்தால் மறுதொடக்கம் வரை மாற்ற முடியாது, 2 வைத்தால் நிர்வாகி மாற்றலாம். லினக்ஸ் 5.8 முதல் இதற்கெனத் தனி அதிகாரம் உண்டு என்பதால், நிரல் ஏற்றும் கன்டெய்னருக்கு முழு ரூட் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுக்கத் தேவையில்லை. ரூட் ஆகிவிட்ட ஊடுருவல்காரருக்கும் இந்த வசதி பயன்படும். 2022-இல் வெளிச்சத்துக்கு வந்த பிபிஎஃப்டோர் என்ற தீநிரல், பழைய பிபிஎஃப் வடிகட்டியைச் சாக்கெட்டில் பொருத்தி, ஃபயர்வாலுக்கு முன்பே தனக்கான ரகசியப் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டது. அதற்குத் திறந்த போர்ட்டே தேவைப்படவில்லை.

நிரலை ஏற்றும் முன், கர்னல் தரும் சோதனை ஓட்ட வசதியில் மாதிரிப் பாக்கெட்டுகளைக் கொடுத்து, வரும் முடிவைச் சரிபார்த்துவிடலாம். துண்டுப் பாக்கெட், விலேன் பாக்கெட், ஐபிவி6 மூன்றும் அந்த மாதிரிகளில் கட்டாயம் இருக்கட்டும். உண்மைக் கார்டில் முதன்முறை ஏற்றும்போது, சில நிமிடங்களில் தானாக இறக்கிவிடும் கட்டளையை முன்கூட்டியே திட்டமிட்டு வைத்துவிட்டு ஏற்றுங்கள். சில டிரைவர்கள் நிரல் ஏறும்போது தம் வரிசைகளை மீண்டும் அமைப்பதால் இணைப்பு ஒரு கணம் துண்டிக்கப்படும். வேலை நேரத்தில் செய்ய வேண்டாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் விடுவது. டிரைவரில் ஆதரவு இல்லாவிட்டால், ஐபி கட்டளை பிழை காட்டாமலேயே நிரலை ஜெனரிக் முறையில் ஏற்றிவிடும். அந்த முறையில் எஸ்கேபி உருவான பிறகே நிரல் ஓடுகிறது. முடிவுகள் சரியாக வரும், வேகம்தான் வராது. மெய்நிகர் கணினிகளில் இது அடிக்கடி நடக்கும், ஏனெனில் வரிசைகள் போதாவிட்டாலோ வேலையைக் கார்டுக்கு மாற்றும் சில ஆஃப்லோடு வசதிகள் இயங்கிக்கொண்டிருந்தாலோ அங்கே டிரைவரிலேயே ஓடும் நேட்டிவ் முறை கிடைக்காது. தாக்குதலைத் தாங்குவதற்காக எக்ஸ்டிபி போட்டிருப்பவர்கள், இன்டர்ஃபேஸ் வரியில் வெறும் எக்ஸ்டிபி என்று இருக்கிறதா, எக்ஸ்டிபிஜெனரிக் என்று இருக்கிறதா என்பதை இன்றே பார்த்துவிடுவது நல்லது. ஏற்றும்போதே நேட்டிவ் முறையைக் கட்டாயமாக்கிக் கேட்டால், கிடைக்காதபோது பிழையாவது கண்ணில் படும்.