சைடுலாக் – பக்கப்பொறி

பழைய பாணித் துப்பாக்கிகளில் நாட்டமுள்ளவர்கள் பேச்சில் ‘சைடுலாக்’ என்ற சொல் அடிக்கடி வரும். துப்பாக்கிக் கட்டையின் பக்கவாட்டில் பதித்த, சுடவைக்கும் அமைப்பை அது குறிக்கும். லாக் என்றால் பூட்டு என்று எடுத்துக்கொண்டு ‘பக்கப் பூட்டு’ என்று எழுதிவிடத் தோன்றும். அப்படி எழுதினால் பொருள் கெட்டுவிடும். இந்த லாக் எதையும் பூட்டுவதில்லை. குழலுக்குள் இருக்கும் வெடிமருந்துக்குத் தீ வைக்கிற மொத்த அமைப்புக்கும் துப்பாக்கித் தொழிலில் அதுதான் பெயர். ஜெர்மன் மொழியிலும் கதவுப் பூட்டைக் குறிக்கும் ‘ஷ்லாஸ்’ என்ற சொல்லே இதற்கும் வழங்குகிறது. தகட்டுக்குப் பின்னால் வில்லும் நெம்பும் பொருத்திய வேலைப்பாடு பூட்டின் உள்ளமைப்பை ஒத்திருந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

‘சைடு’ என்ற முன்னொட்டு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் மரேன் லெ பூர்ஷ்வா சக்கிமுக்கிக் கல் வைத்த பொறியைச் செம்மைப்படுத்திய காலத்திலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, தோள் துப்பாக்கி என்றாலே பொறி பெரும்பாலும் கட்டையின் வலப்பக்கத்தில்தான் இருந்தது. எல்லாம் பக்கத்தில் இருந்தபோது அதைத் தனியே சொல்ல வேண்டிய தேவை இல்லை. தோட்டா போடும் இரட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கு 1875இல் பர்மிங்ஹாமில் ஆன்சன், டீலி இருவரும் ‘பாக்ஸ்லாக்’ (குழலுக்குப் பின்னால் பெட்டி போன்ற உலோகக் கூட்டுக்குள் பொறி அடங்கியது) அமைப்பைக் கொண்டுவந்த பிறகு, அதிலிருந்து பிரித்துக் காட்ட இந்தச் சொல் தேவைப்பட்டது. வாய்வழி, அதாவது குழலின் முன்வாய் வழியே, மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளின் உலகில் அந்தத் தேவை இன்னும் நூறாண்டு கழித்தே வந்தது. 1985இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டோனி நைட் ‘எம்கே-85’ என்ற துப்பாக்கியை வெளியிட்டார். அதில் பொறி குழலுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தது. அந்த ரகத்துக்கு ‘இன்லைன்’ என்று பெயர் நிலைத்ததும், பழையது ‘சைடுலாக்’ ஆயிற்று.

பழையது என்று ஒதுங்கிப் போகாமல் அது இன்றும் ஏன் பலரைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு விடை பொறியிலேயே இருக்கிறது. செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் ராக்கி மலை வேட்டைக்காரர்களுக்காகச் செய்த ரகத்தை எடுத்துக்கொள்வோம். எண்பட்டைக் குழல், பாதி நீளக் கட்டை, கேப்பு (அடித்தால் வெடிக்கும் மருந்து வைத்த சிறு மூடி) வைத்து வெடிக்கும் பொறி. இடப்பக்கத்திலிருந்து வரும் திருகைக் கழற்றினால் பொறித்தகடு முழுதாகக் கையோடு வந்துவிடும். அதன் பின்புறம் மடித்த தட்டை வில் ஒன்று. அந்த வில் இழுத்துப் பிடிக்கும் சிறு உருளையில் இரண்டு வெட்டுகள், அவற்றில் விழுந்து பிடிக்கும் ஒரு நாக்கு. முதல் வெட்டு ஆழமானது. சுத்தியல் போல் பாய்ந்து அடிக்கும் உறுப்பான குதிரையைப் பாதி இழுத்தால் நாக்கு அதில் விழுந்து நின்றுகொள்ளும், விரல் அழுத்தும் விசையை அழுத்தினாலும் விடாது. இரண்டாவது வெட்டு ஆழமில்லாதது. முழுதும் இழுத்த பின் விசை இலேசாகப் பட்டாலே நாக்கு நழுவும், குதிரை பாயும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு ‘டிக்’. காது கேட்பவர் எவரும் துப்பாக்கி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லலாம்.

சக்கிமுக்கி ரகத்தில் இன்னும் ஒரு படி கூடுதல். தோல் சுற்றிய கல் எஃகுத் தகட்டை உரசும், தீப்பொறி கிண்ணியில் விழும், அங்குள்ள பொடி மருந்து பற்றி, சிறு துளை வழியே குழலுக்குள் தீ போகும். கிண்ணி பற்றுவதற்கும் குண்டு புறப்படுவதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. கண்முன்னே தீ எழும்போதும் இமைக்காமல் குறியைப் பிடித்து நிற்பவருக்கே குண்டு போய்ச் சேரும். மழைத்துளி கிண்ணியில் விழுந்தால் அன்றைய வேட்டை முடிந்தது. பென்சில்வேனியா மாநிலம் 1974இல் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் ஏற்படுத்தி இன்றுவரை நடத்துகிறது. இந்தக் கடினத்துக்காகவே குளிர்காலக் காட்டுக்குள் போகிறவர்கள் அங்கே உண்டு. கடந்த கால ஏக்கம் மட்டுமே இவர்களை இழுக்கிறது என்று நான் நினைக்கவில்லை. மருந்தை அளந்து, எண்ணெய்த் துணியில் குண்டைச் சுற்றி, கோலால் கெட்டித்து, சுட்ட பின் வெந்நீர் விட்டுக் குழலைக் கழுவி என்று ஒவ்வொரு வெடியும் சுடுபவரின் கைவேலையாகவே நடக்கிறது. பழுதானால் எது பழுது என்பதும் கண்ணுக்குத் தெரியும். 1933இல் தொடங்கிய அமெரிக்காவின் தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கம், இண்டியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் இன்றும் போட்டிகள் நடத்துவதற்கு இந்த ஈர்ப்பே காரணம்.

இனி தமிழுக்கு வருவோம். உறுப்புகளுக்கு நம்மிடம் சொல் பஞ்சம் இல்லை. சுத்தியல் போல் பாய்ந்து அடிப்பது ‘குதிரை’. பழைய அகராதிகளிலேயே இந்தப் பொருள் உண்டு. விரல் அழுத்துவது ‘விசை’. மருந்தை இடித்து இறுக்குவது ‘கெட்டித்தல்’, வேட்டுக்காரர்கள் நாளும் புழங்கும் சொல். ‘துப்பாக்கி’, ‘சக்கிமுக்கி’ இரண்டுமே துருக்கிய வேரிலிருந்து வந்து நம் சொற்களாகிவிட்டவை. கேப்பையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். தீபாவளிக்குப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் வெடிக்கும் கேப்பும் அடித்தால் வெடிக்கும் அதே தத்துவம்தான்.

லாக் என்பதற்கு நான் முன்வைப்பது ‘பொறி’. இயந்திர அமைப்பும் பொறி, சிதறும் நெருப்பும் பொறி. இந்தக் கருவி செய்யும் வேலை இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. ‘பக்கவிசை’ என்று சிலர் சொல்லக்கூடும்; ஆனால் விசை ஏற்கெனவே விரலுக்குப் போய்விட்டது, குழப்பம் வரும். எனவே சைடுலாக் ‘பக்கப்பொறி’, இன்லைன் ‘நேர்ப்பொறி’, ஃப்ளின்ட்லாக் ‘சக்கிமுக்கிப் பொறி’.

வாய்வழி கெட்டிக்கும் ரகத்தை நம் செய்தித்தாள்கள் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்று எழுதுகின்றன. அது யார் செய்தது என்பதைச் சொல்கிறதே தவிர எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்வதில்லை. பென்சில்வேனியாவில் ஜெர்மானியக் கொல்லர்கள் மேப்பிள் கட்டையில் செய்த நீள்குழலுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. இலங்கைத் தமிழில் ‘இடியன்’ என்ற அருமையான சொல் உயிரோடு இருக்கிறது. பேச்சுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம், விளக்கமாக எழுதும்போது ‘வாய்வழித் துப்பாக்கி’ எனலாம்.

ரைஃபிள் என்பதன் வேர் குழலின் உட்சுவரில் சுழன்றோடும் வரிகளைக் குறிப்பது. பட்டறைகளில் திருகு வரிக்கு வழங்கும் ‘மரை’யைக் கொண்டு ‘மரைக்குழல் துப்பாக்கி’ என்றால் சரியாக அமையும். பழைய காலாட்படைத் துப்பாக்கியான மஸ்கட்டின் குழலில் மரை இல்லை. 1857 கிளர்ச்சியில் கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டாவால் பேசப்பட்ட என்ஃபீல்டு துப்பாக்கியை மஸ்கட் என்று எழுதுவதைப் பார்க்கிறோம். 1853ஆம் ஆண்டு மாதிரியான அந்தத் துப்பாக்கியின் குழலில் மூன்று மரைகள் உண்டு. கேப்பு வைத்த பொறி வலப்பக்கத்தில் இருந்தது. அதைப் பக்கப்பொறி மரைக்குழல் வாய்வழித் துப்பாக்கி என்று ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு, பிறகு பக்கப்பொறி என்று சுருக்கினாலே போதும்.