பேஸ்பால் மேனேஜர் சம்பளத்தில் பிதாகரஸுக்கு என்ன வேலை?

"அமெரிக்க பேஸ்பாலில் மேனேஜருக்கு எவ்வளவு சம்பளம்? ஆட்டக்காரர்களுக்குக் கொட்டிக் கொடுக்கிறவர்கள் அவரிடம் மட்டும் ஏன் கணக்குப் பார்க்கிறார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

பேஸ்பாலில் மேனேஜர் என்றால் ஆட்டத்தின்போது யாரை எப்போது இறக்குவது என்று முடிவெடுக்கும் தலைமைப் பயிற்சியாளர். முதலில் தொகை. 2023 நவம்பரில் மேனேஜர் கிரெய்க் கவுன்செலை மில்வாக்கி ப்ரூவர்ஸிடமிருந்து சிகாகோ கப்ஸ் இழுத்துக்கொண்டது. 5 வருடத்துக்கு 4 கோடி டாலர், அதற்கும் சற்று மேலே. அதாவது வருடத்துக்கு 80 லட்சம். 2025-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் டேவ் ராபர்ட்ஸ் 81 லட்சத்துக்குக் கையெழுத்திட்டு அதைத் தாண்டினார். ஆட்டக்காரர் ஹுவான் சோட்டோவுக்கோ நியூயார்க் மெட்ஸ் தருவது 15 வருடத்துக்கு 76.5 கோடி, வருடத்துக்கு 5.1 கோடி.

ஆட்டக்காரர்களுக்குப் பலமான தொழிற்சங்கம் உண்டு. 2025-ல் கடைசி ஆளுக்கும் குறைந்தபட்சம் 7,60,000 டாலர். மேனேஜர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. சரி, இது பாதிக் காரணம்தான். மீதி கணக்கில் இருக்கிறது.

கான்சாஸில் பீன்ஸ் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவலராக இருந்தவர் பில் ஜேம்ஸ். ஓர் அணி அடித்த ரன்னின் வர்க்கத்தை, அடித்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அந்த அணியின் வெற்றி விகிதம் கிடைத்துவிடும் என்று கண்டுபிடித்தார். பள்ளியில் படித்த a² + b² எட்டிப் பார்ப்பதால் இதற்குப் பிதாகரஸ் பெயர். முக்கோணம் எதுவும் கிடையாது. 5 ரன் அடித்து 4 கொடுக்கும் அணி என்றால் 25-ஐ 41-ஆல் வகுக்கவேண்டும்: 61 சதவீதம். ஒரு சீசனின் 162 ஆட்டங்களில் சுமார் 99 வெற்றி. ஏதோ மாயம் போலத்தான் இருக்கிறது. பல்கலைக்கழகம் இல்லை, நிதி இல்லை, ராத்திரி முழுக்க முழித்திருக்கிற வேலை மட்டும் இருந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு நூறு பக்கப் படிவம் நிரப்புகிற என் நண்பர்களிடம் இதைச் சொல்வதில்லை, அடிக்க வருவார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த அடுக்கு, அதாவது வர்க்கத்தில் மேலே உட்கார்ந்திருக்கும் 2. பேஸ்பாலுக்குத் துல்லியமாகப் பார்த்தால் அது 2 அல்ல, 1.83 அளவில் வரும். கூடைப்பந்துக்கு 14 பக்கம் போய்விடுகிறது! கூடைப்பந்தில் ஓர் ஆட்டத்துக்கு நூறு புள்ளி; அதிர்ஷ்டம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், நல்ல அணி ஜெயித்தே தீரும். பேஸ்பாலில் நாலைந்து ரன்தான், ஒரு பந்து எங்கோ எகிறினால் ஆட்டமே மாறிவிடும். ஆக, ஒரு விளையாட்டில் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு இடம் என்பதை அந்த ஒரு எண் சொல்லிவிடுகிறது.

இப்போது மேனேஜருக்கு வருவோம். 2016-ல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 765 ரன் அடித்து 757 கொடுத்தது. கணக்குப்படி 82 வெற்றி, உண்மையில் 95. ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 36 வெற்றி, 11 தோல்வி. மேனேஜர் ஜெஃப் பானிஸ்டரின் சாமர்த்தியமா? அடுத்த வருடம் அதே மேனேஜரின் கீழ் 78. 2018-ல் ஆளே வெளியே. மைதானத்தில் போட்ட கோட்டின்மேல் கால் வைத்தால் ஆகாது என்று தாண்டிப் போகும் மேனேஜர்கள் இன்றும் உண்டு; அந்த 36-ஐ மதிநுட்பம் என்று நம்புவதும் ஏறக்குறைய அதே ரகம்தான்.

கணக்குக்கும் நிஜத்துக்கும் நடுவே வழக்கமாக விழும் விலகல் ஒரு சீசனுக்குச் சுமார் 4 ஆட்டம். ஒரு மேனேஜர் இக்கட்டான நேரங்களில் எடுக்கும் முடிவுகளால் வருடத்துக்கு 2 வெற்றி கூடுதலாகக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அதிர்ஷ்டம் இல்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல எத்தனை சீசன் வேண்டும்? பல சீசன்களுக்குச் சராசரி எடுத்தால், சீசன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவுக்குப் பிழை குறையும்; அந்த 2 தெளிவாகத் தெரிய பிழை அதில் பாதியாக, 1 ஆக இருக்கவேண்டும். 4-ஐ 16-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால்தான் பிழை 1-க்கு இறங்கும். 16 சீசன்! அதுவரை எந்த முதலாளி பொறுப்பார்? ஆட்டக்காரரை அளந்துவிடலாம், அவர் வருடத்துக்கு 600 முறை மட்டை பிடிக்கிறார். மேனேஜருக்கு அப்படி ஓர் அளவுகோல் இல்லை. அளக்க முடியாததற்கு யாரும் 5 கோடி தரமாட்டார்கள்.

இளம் ஆட்டக்காரர்களைத் தேற்றிவிடுவது, ஓய்வறையில் சண்டை வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் ரன் கணக்குக்குள்ளேயே கரைந்துபோகும், இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. கவுன்செலை அதற்காகத்தான் கொண்டுவந்தார்கள் என்று கப்ஸ் ரசிகர்கள் சொல்லலாம். அவர் வருமுன் 2023-ல் கப்ஸுக்கு 83 வெற்றி. வந்தபின் 2024-லும் 83. அவர் விட்டுப்போன ப்ரூவர்ஸில், கல்லூரியில் அவருக்கே பயிற்சி கொடுத்த பாட் மர்ஃபி பொறுப்பேற்று 92-ஐ 93 ஆக்கினார். ஒரு சீசனை வைத்து இதையும் தீர்ப்பாக எழுத முடியாது, அதே 4 ஆட்ட விலகல் இங்கேயும் குறுக்கே நிற்கும். 2025-ல் கப்ஸ் 92-க்கு ஏறியது. ப்ரூவர்ஸ் 97.