ஒலியை முந்திய விமானம் தரைக்கு அருகே ஏன் உடைந்தது?

1952 செப்டம்பர் 6, சனிக்கிழமை. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில், டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் டிஎச் 110 என்ற புதிய போர் ஜெட் பெருங்கூட்டத்தின் கண்ணெதிரே துண்டு துண்டானது. விமானி ஜான் டெர்ரி, அவருடன் பறந்த டோனி ரிச்சர்ட்ஸ், பார்வையாளர்கள் 29 பேர் என 31 உயிர்கள் போயின.

டெர்ரி கத்துக்குட்டி இல்லை. சரியாக நான்கு ஆண்டுகளுக்கு முன், 1948இல் அதே செப்டம்பர் 6 அன்று, ஒலியை விட வேகமாகப் பறந்த முதல் பிரிட்டிஷ்காரர் அவர்தான். விபத்து நடந்த அன்றும் சுமார் 12 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பாய்ந்து, ஒலிவேகத்தைத் தாண்டி, வெடிச் சத்தத்தைக் கூட்டத்துக்குக் கேட்க வைத்துவிட்டுத்தான் கீழே வந்தார். அடுத்த சில நிமிடங்களில் விமானம் உடைந்ததும் பழி ‘ஒலித்தடை’ மேல், அதாவது ஒலிவேகத்தை நெருங்கும் விமானத்தை மறிப்பதாக நினைத்த தடை மேல், விழுந்தது. அந்தக் காலத்தில் அது ஏதோ பேய் மாதிரி பேசப்பட்ட விஷயம்.

ஆனால் உடைந்தபோது விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர். ஒலிவேகத்தை விட நன்றாகவே குறைவு. அப்படியானால் வேகமாகப் போனபோது உடையாதது, மெதுவாக வந்தபோது ஏன் உடைந்தது?

இறக்கைக்கு விமானத்தின் வேகம் மட்டும் கணக்கில்லை. மோதும் காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் வருவதுதான் அதன் மேல் விழும் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் கால் பங்குதான். அங்கே ஒலிவேகம் மணிக்கு சுமார் 1,060 கிலோமீட்டர். கணக்குப் போட்டால், அந்த உயரத்தில் ஒலிவேகத்தில் பறப்பதை விட, தரையை ஒட்டி 830இல் பறக்கும்போது காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. பார்ப்பவருக்கு மேலே நடந்த சாகசம்தான் பெரிது. இறக்கைக்கோ கீழே வந்தபிறகுதான் உண்மையான சோதனை.

அந்த அழுத்தத்தில் டெர்ரி இரண்டு காரியங்களை ஒன்றாகச் செய்தார். இடப்பக்கம் சாய்ந்து கூட்டத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தவர், சாய்வை நிமிர்த்திக்கொண்டே மூக்கை மேலே இழுத்தார். மூக்கை இழுத்தால் இரு இறக்கைகளும் மேல்நோக்கி வளையும். சாய்வை நிமிர்த்த, இறக்கை நுனிப் பக்கத்தில் இருக்கும் எய்லரான் தகடுகள் ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். இது இறக்கையை முறுக்கும். வளைவும் முறுக்கும் சேர்ந்து வந்தால், தனித்தனியாகத் தாங்கக்கூடிய இறக்கை கூடத் தோற்கலாம். உருண்டபடி இழுக்கும்போது ‘ஜி’ வரம்பு (புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு சுமையை விமானம் தாங்கலாம் என்ற எல்லை) குறைவு என்று இன்றைக்கும் போர் விமானிகளுக்குத் தனியாகச் சொல்லிவைப்பது இதனால்தான்.

முறுக்கைத் தாங்க வேண்டியது இறக்கையின் முன்விளிம்பு. வளைந்த மேல்தகடும், அதற்குப் பின்னால் நீளவாக்கில் ஓடும் பிரதான உத்தரமும் சேர்ந்து அங்கே ஒரு மூடிய குழாய் ஆகின்றன. ஒரு தாளைச் சுருட்டி ஓரத்தை ஒட்டிவிட்டு முறுக்கிப் பாருங்கள், எளிதில் அசையாது. அதையே நீளவாக்கில் கீறிவிட்டு முறுக்கினால் சட்டென்று திருகிக்கொள்ளும். டிஎச் 110இல் அந்த மேல்தகட்டுக்குப் போதுமான வலுவூட்டல் இல்லை. நிறுவனத்தின் முந்தைய வேம்பயர், வெனம் ஜெட்களுக்கு ஒத்துவந்த அமைப்பு, இந்த வேகத்துக்கும் சுமைக்கும் போதவில்லை. தகடு நெளிந்ததும் குழாயின் வலு போயிற்று. இரு இறக்கைகளின் வெளிப்பகுதிகளும் அடுத்தடுத்துப் பிய்ந்தன.

அப்புறம் நடந்தது இன்னும் கொடுமை. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளில் வெளிப்பகுதி விமானத்தின் எடைமையத்துக்குப் பின்னால் இருக்கும். அது போனதும் மிச்சமிருக்கும் தூக்குவிசை முன்னால் நகர்ந்துவிடும். விமானம் மூக்கை வெடுக்கென்று மேலே தூக்கியது. அந்த உதறலில் விமானியறை, வால், இரண்டு இன்ஜின்கள் எல்லாம் தனித்தனியாகக் கழன்றன. முதல் முறிவு முதல் இதுவரை ஒரு நொடி கூட ஆகியிருக்காது. ஜான் டெர்ரிக்கு எதுவும் செய்ய வாய்ப்பே இல்லை.

மெல்லிய தகடுகளைக் காற்று சீக்கிரமே தடுத்து நிறுத்திவிடும். ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள இன்ஜினை அப்படி நிறுத்த முடியாது. நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில், எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே திசையில் அது பறந்தது. ஒன்று ஆளில்லாத இடத்தில் விழுந்தது. மற்றொன்று கூட்டம் நின்ற குன்றில் பாய்ந்தது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் அங்கே இருந்தவர்கள்.

ஓடுபாதையைச் சுத்தம் செய்துவிட்டுக் கண்காட்சியைத் தொடர்ந்தார்கள் என்பதை இன்று நம்புவது கடினம். சோதனை விமானி நெவில் டியூக், ஹாக்கர் ஹண்டர் என்ற போர் ஜெட்டில் ஏறி அன்றே ஒலிவேகத்தைத் தாண்டிக் காட்டினார். துணிச்சல்தான், ஆனால் எனக்கு அதில் பெருமை தெரியவில்லை.

டிஎச் 110 வலுவூட்டப்பட்டு, சீ விக்சன் என்ற பெயரில் 1959இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. ஆனால் பெரிய பாடம் விமானத்தில் இல்லை, பறக்கும் இடத்திலும் திசையிலும் இருந்தது. நேராகப் பறக்கும் ஜெட் கூட்டத்திலிருந்து குறைந்தது 230 மீட்டரும், வளைந்து பறப்பது குறைந்தது 450 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்று பிரிட்டனில் விதி வந்தது. உடைந்தால் துண்டுகள் எங்கே போகும் என்பதை விமானி தீர்மானிக்க முடியாது. உடைவதற்கு முன் எந்தப் பக்கம் பறப்பது என்பதைத் தீர்மானிக்கலாம். 1988இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைன் விமானதளத்தில் இத்தாலிய சாகசக் குழுவின் மூன்று ஜெட்கள் மோதிக்கொண்டபோது, கூட்டத்தை நோக்கி வந்துகொண்டிருந்த விமானம்தான் கூட்டத்துக்குள் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள்.