டிரம்மில் இருக்கும் லேபிள் மக்கில் இல்லை

திருப்பூர், பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறைகளுக்குப் பாதுகாப்பு ஆய்வுக்குப் போனால் நான் முதலில் எம்.எஸ்.டி.எஸ் ஃபைலை, அதாவது ஒவ்வொரு ரசாயனத்தின் ஆபத்தையும் சொல்லும் தகவல் தாள்களைக் கேட்பதில்லை. துணி வாங்கும் கம்பெனிகளின் ஆடிட்டுக்காக அது எல்லா இடத்திலும் பளபளவென்று தயாராக இருக்கும், ஆபீஸ் அலமாரியில். நேராகச் சாயமும் ரசாயனமும் எடை போட்டுக் கலக்கும் கலர் கிச்சனுக்குப் போய், தரையில் இருக்கும் மக்கு, பக்கெட், வாய் வெட்டிய கேன் இவற்றைப் பார்ப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எதிலாவது எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது.

கம்பெனியிலிருந்து வரும் டிரம்மில் லேபிள் ஒழுங்காகத்தான் இருக்கிறது. சிவப்பு ஓரம் போட்ட சாய்சதுரத்துக்குள் கறுப்புப் படம். இது ஐ.நா. 2003-ல் வெளியிட்ட ஜி.எச்.எஸ் முறை, ரசாயன ஆபத்தை உலகம் முழுக்க ஒரே மாதிரி வகைப்படுத்தி லேபிள் ஒட்டுவதற்கானது. மொத்தமே 9 படங்கள்தான். நம் நாட்டிலும் போபாலுக்குப் பிறகு 1989-ல் வந்த அபாயகர ரசாயன விதிகள், கொள்கலனில் உள்ளே இருப்பது என்ன, தயாரித்தவர் யார் என்றெல்லாம் எழுத வேண்டும் என்கின்றன. ஆனால் டிரம் குடோனில் நிற்கிறது. ஆள் வேலை செய்வது மக்கோடு. லேபிள் அந்த மக்கு வரை வருவதில்லை. நான் பார்க்கும் விபத்துகளில் பல இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

ஹைட்ரோஸை (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) எடுத்துக்கொள்ளுங்கள். ஷேடு தவறினால் சாயத்தை உரிக்க, மெஷினைக் கழுவ என்று தினமும் கையில் புழங்கும் வெள்ளைத் தூள். டிரம்மில் தீப்படம் இருக்கும். ஏற்றி வரும் லாரியில் 1384 என்ற ஐ.நா. எண்ணும், தானாகப் பற்றக்கூடிய பொருள் என்பதைச் சொல்லும் 4.2 வகுப்புக் குறியும் இருக்கும். ஈரம் பட்டால் இது சூடாகும், கந்தக டை ஆக்சைடு கிளம்பும், சூடு ஏறினால் தானே பற்றிக்கொள்ளும். எண்ணெயோ கரண்ட்டோ தேவையில்லை, ஈரக் கையோடு உள்ளே போட்ட மக்கு போதும். புகை வந்ததும் யாரோ ஒருவர் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றுவார். கொஞ்சம் தண்ணீர் இதில் நிலைமையை இன்னும் மோசமாக்கும். இதெல்லாம் தகவல் தாளின் 5-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தத் தாள், முன்பே சொன்னேனே, அலமாரியில்.

அடுத்து, பார்ப்பவர்கள் அதிகம் குழம்பும் இரண்டு படங்கள். வெறும் தீ என்றால் அந்தப் பொருளே எரியும். வட்டத்தின் மேல் தீ என்றால், அதுவே எரியாவிட்டாலும் பக்கத்தில் இருப்பதை எரிய வைக்கும். துணியை வெளுக்கப் பயன்படும் 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கேனில் இருப்பது இரண்டாவது. "பெராக்சைடு தண்ணி மாதிரிதானே சார், இது எங்கே பத்தப் போகுது?" என்று சூப்பர்வைசரே கேட்பார். அது பற்றாது. சிந்தியதைத் துடைத்து மூலையில் போட்ட காட்டன் வேஸ்ட் பற்றும். ஹைட்ரோஸ் டிரம்மையும் பெராக்சைடு கேனையும் ஒரே வரிசையில் அடுக்கி வைத்த குடோன்களைப் பார்த்திருக்கிறேன். இடம் பற்றாக்குறைதான் காரணம் என்பார்கள். இடம் இல்லையென்றால் சரக்கைக் குறைத்து வாங்குங்கள், இதில் நான் சமாதானம் பேசுவதில்லை. பெராக்சைடு கேன் மூடியில் காற்றுப் போக ஒரு துளை இருக்கும். வாடை வருகிறது என்று அதை டேப் போட்டு அடைக்கிறார்கள். மிச்சமானதைத் திரும்பக் கேனுக்குள் ஊற்றுகிறார்கள். கொஞ்சம் துரு, கொஞ்சம் காஸ்டிக் சோடா உள்ளே போனாலே பெராக்சைடு சிதைந்து ஆக்சிஜனாகப் பொங்கும். போக வழியில்லாத கேன் வெடிக்கும்.

மண்டை ஓட்டுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். மனித மார்பில் நட்சத்திரம் வெடித்தது போன்ற படத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. புற்றுநோய், மூச்சு ஒவ்வாமை போன்று நாள்பட வரும் கேட்டைச் சொல்வது அந்தப் படம்தான். ரியாக்டிவ் சாயத்தூள் சிலவற்றின் பெட்டியில் இதைப் பார்க்கலாம். எடை போடுபவருக்கு வேலை நாட்களில் இருமலும் மூச்சிரைப்பும், ஊருக்குப் போனால் சரியாகிவிடுகிறது என்றால் 'சளி பிடிச்சிருக்கு' என்று விடாதீர்கள், டாக்டரிடம் சாயத்தூளின் பெயரையும் சொல்லுங்கள்.

எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என நான்கு கட்டம் உள்ள அமெரிக்க வைரக்குறியைச் சில டேங்க்களில் பார்த்திருப்பீர்கள். அதில் 4 என்றால் மிக ஆபத்து, 0 என்றால் பயமில்லை. தகவல் தாளில் இருக்கும் ஜி.எச்.எஸ் வகை எண் நேர் எதிர்: அதில் வகை 1 தான் மிக மோசம். இரண்டையும் ஒரே சுவரில் விளக்கமில்லாமல் ஒட்டினால், ஒட்டாமலே இருந்திருக்கலாம்.

தகவல் தாளில் 16 பிரிவுகள். தொழிலாளிக்கு எல்லாம் வேண்டாம். ஆபத்து என்ன (2), முதலுதவி (4), தீப்பிடித்தால் என்ன செய்வது (5), எப்படி வைப்பது (7), என்ன போட்டுக்கொள்வது (8), எதோடு சேரக்கூடாது (10), இவை போதும். 8-ஆம் பிரிவில் 'தகுந்த கையுறை அணியவும்' என்று மட்டும் இருந்தால் சப்ளையரிடமே திருப்பி அனுப்புங்கள். நைட்ரைலா, நியோப்ரீனா, எந்த ரப்பர் கையுறை என்று சொல்லாத தாளால் ஒரு பயனும் இல்லை. காட்டன் கையுறை காஸ்டிக்கை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும், அதற்கு வெறுங்கையே மேல். காஸ்டிக் கண்ணில் பட்டால் எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

அப்புறம், தமிழில் மட்டும் எழுதி ஒட்டினால் வேலை முடிந்துவிடாது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள்தான் இப்போது பல ஷிஃப்ட்டை ஓட்டுகிறார்கள். படம், பெயர், எச்சரிக்கை மூன்றையும் தமிழ், இந்தி, ஒடியாவில் அச்சிட்டு லேமினேட் செய்து, ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனி மக்கு ஒதுக்கி, அதன் கைப்பிடியில் கட்டச் சொல்கிறேன். ஆகும் செலவு ஒரு பேட்ச் துணிக்கு மறுபடி சாயம் போட ஆகும் செலவில் கால்வாசி கூட வராது. குடிதண்ணீர் பாட்டிலில் ஆசிட் ஊற்றி வைப்பதை மட்டும் எந்த லேபிளும் சரிசெய்யாது, காலி பாட்டிலைக் கலர் கிச்சனுக்குள் கொண்டுவரவே விடக்கூடாது.

இன்னொன்று, தாளின் முதல் பிரிவில் அவசரத் தொலைபேசி எண் இருக்கும். இன்று ராத்திரி ஷிஃப்ட்டில் அந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள், யாராவது எடுக்கிறார்களா என்று.