தண்ணி வாய்க்கு வந்ததும் முழிச்சுக்கற கனா

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு பையன் வாட்ஸப்ல வாய்ஸ் அனுப்பியிருந்தான், பிளஸ் ஒன் படிக்கறானாம். "அண்ணா, ஆறு மாசமா ஒரே கனாங்ணா. கீழ்பவானி வாய்க்கா மேட்டுல சைக்கிள்ல போறேன், தண்ணி தொறந்து உட்டுருக்குது, ஹேண்டில்பார் அப்புடியே மெழுகாட்ட மடங்குது, உள்ள உழுந்தர்றேன். பாலத்து மேல எங்க மாமா அக்கட்ட பாத்துட்டு நிக்கறாரு, கூப்புட்டா திரும்பறதே இல்ல. தண்ணி வாய்க்கு வந்ததும் முழிச்சுக்கறேன். அம்மாயி கயிறு மந்திரிச்சு கட்டி உட்டாங்க, தலைகாணிக்கு அடியில கத்தி வெச்சாங்க, நிக்கலீங்ணா. இது பேயாங்ணா, இல்ல எனக்கு மூளைல ஏதாச்சும் கோளாறாங்ணா?"

ரெண்டும் இல்ல கண்ணு. ஆனா நீ சொன்னதுல ஒரு வரிலதான் மொத்த விசயமும் இருக்குது, அதுக்கு அப்பறம் வர்றேன்.

மொதல்ல பள்ளிக்கூடத்துப் பாடத்த வேகமா ஓட்டிரலாம். தூக்கம் சுமார் 90 நிமிசச் சுத்தா ஓடும். ஒவ்வொரு சுத்துலயும் மொதல்ல கண்ணு ஓடாத தூக்கம், கடைசியில கண்ணு மூடின இமைக்குள்ளயே கடகடனு ஓடற ரெம் தூக்கம். 1953ல சிகாகோவுல அசெரின்ஸ்கியும் க்ளைட்மனும் இத எழுதுனாங்க, அசெரின்ஸ்கி தன்னோட எட்டு வயசுப் பையன் தலையிலயே ஒயரை ஒட்டித்தான் பாத்தாரு (நம்மூட்டுல அப்படி ஒட்டுனா ஆத்தா வெளக்குமாத்த எடுத்துருக்கும்). கதையாட்ட நீளமா, தெளிவா வர்ற கனா பெரும்பாலும் இந்த ரெம்லதான் வருது. ராத்திரி மொத சுத்துல ரெம் கொஞ்சூண்டுதான், வெடியால ஆக ஆக நீண்டுக்கிட்டே போகும். அந்த நேரத்துல சட்டுனு முழிப்பு வந்தா கனா அப்படியே ஞாபகத்துல நிக்குது. வெடியால கண்ட கனா பலிக்கும்னு நம்ம பெருசுக சொல்றாங்களே, அதுல பலிக்கறது கிலிக்கறதெல்லாம் இல்ல, ஆனா வெடியாலதான் கனா எச்சா வரும்ங்கறத மெஷின் இல்லாமயே கவனிச்சிருக்காங்க பாருங்க, அது எனக்குப் புடிச்சிருக்குது.

ரெம்ல கண்ணையும் மூச்சையும் தவிர ஒடம்பு முச்சூடும் கட்டிப் போட்டாப்பல ஆயிரும். கனால ஓடறோம்னு நெசமாவே கட்டல விட்டு ஓடிறக் கூடாதில்ல, அதுக்காக மூளைத்தண்டு போடற பூட்டு அது. சில நேரம் நெனவு வந்தும் பூட்டு தொறக்காது, நெஞ்சு மேல யாரோ ஏறி ஒக்காந்த மாதிரி இருக்கும். அதத்தான் அமுக்குவான் பேய்ங்கறாங்க. பெரும்பாலும் சில நிமிசத்துக்குள்ள தானாப் போயிரும், வெசனப்படாதீங்க.

இப்ப எனக்குப் புடிச்ச எடத்துக்கு வந்தாச்சு. மூளைத்தண்டுல லோக்கஸ் செருலியஸ்னு ஒரு துளி எடம் இருக்குது, லத்தீன்ல நீலப் புள்ளினு அர்த்தம், வெட்டிப் பாத்தா நெசமாவே நீலமாத்தான் தெரியுமாம். நாய் தொரத்துனா, லாரி ஓரமா ஒரசிட்டுப் போனா, மூளைக்குள்ள நார்அட்ரினலின்ங்கற, ஆள உசுப்பி உடற ரசாயனத்த மடைய தொறந்தாப்பல பாச்சறது இந்தப் புள்ளிதான். நெஞ்சு படபடன்னு அடிக்கறது, கையி சில்லுனு போறது எல்லாம் அதோட கூட்டாளிக வேலை. முழிச்சிருக்கற நேரம் முழுக்க இந்த மடை கொஞ்சமாவது கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். ஆனா ரெம் தூக்கத்துல மட்டும் மூடிக்கும், நாள் பூராவும் அது இத்தன அமைதியா இருக்கற நேரம் வேற இல்ல. அதே சமயத்துல பயத்துக்கு ஆபீஸான அமிக்டலா பகல்ல விட எச்சா வேல பாக்குது, "இதெப்படிடா ஹேண்டில்பாரு மடங்கும்"னு கேள்வி கேக்கற நெத்திப்பக்கத்து மூளை அரைத்தூக்கத்துல கெடக்குது. அதனாலதான் மெழுகு சைக்கிள் கனால நமக்கு ஆச்சரியமாவே தோணறதில்ல.

மடைய மூடிப்போட்டு பயத்த மட்டும் எதுக்கு எடுத்துப் பாக்குது மூளை? ஆராய்ச்சிக்காரங்க பல பேரு நெனைக்கறது இதான்: பகல்ல பட்ட பயத்த, அந்தப் படபடப்பு இல்லாம திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்து, சம்பவத்த மட்டும் வெச்சுக்கிட்டு சூட்ட எறக்கறதுக்கு. சுடுகஞ்சிய டம்ளருக்கு டம்ளரு ஆத்தறாப்பல. நல்லா ஆறுச்சுன்னா போன வருசம் அழ வெச்ச விசயத்த இந்த வருசம் சிரிச்சுக்கிட்டே சொல்லுவோம்.

இந்தக் கணக்குப்படி பாத்தா, கெட்ட கனாங்கறது ஆத்தறப்ப டம்ளரு கை தவறுற கதை. பயம் அளவுக்கு மேல ஏறுது, முழிப்பு தட்டிருது, ஆத்தற வேலை பாதியில நின்னுருது. இப்ப அந்தப் பையன் சொன்ன வரிய திரும்பப் பாருங்க: "தண்ணி வாய்க்கு வந்ததும் முழிச்சுக்கறேன்." ஆறு மாசமா இந்தக் கனாவோட பின்பாதிய அவன் ஒரு தடவ கூடப் பாத்ததில்ல! தண்ணி வாய்க்கு வந்தப்பறம் என்ன ஆகும்னு மூளைக்குத் தெரியவே தெரியாது, தெரியாததால மோசமானதத்தான் எழுதி வெச்சிருக்குது, அடுத்த நாளும் அதே ரீல மொதல்ல இருந்து ஓட்டுது.

சரி, பின்பாதிய மூளை எழுத மாட்டேங்குதுன்னா நாமளே எழுதிக் குடுத்துரலாமே? கேட்டா மசைத்தனமாத் தெரியும், ஆனா வைத்தியமே இதான். பகல்ல, நல்ல வெளிச்சத்துல ஒக்காந்து கனாவ நோட்டுல எழுதோணும். அப்பறம் இஷ்டத்துக்கு மாத்தோணும், எந்த எடத்துல வேணா, எப்புடி வேணா, கிறுக்குத்தனமா இருந்தாலும் பரவால்ல. மாத்துன கதைய மட்டும் தெனமும் ஒரு பத்து இருவது நிமிசம் கண்ண மூடி படமா ஓட்டிப் பாக்கோணும், பழைய கதையத் தொடக் கூடாது. அமெரிக்காவுல பாரி க்ராகோவ்னு ஒரு டாக்டர் பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பொம்பளைங்களோட இத ஆராஞ்சு 2001ல எழுதுனாரு, பயிற்சி எடுத்தவங்களுக்குக் கெட்ட கனா நல்லாவே கொறஞ்சுது. அவங்களுக்கே கேட்டுச்சுன்னா நம்ம வாய்க்காப் பையனுக்குக் கேக்காதா?

2022ல ஜெனீவாவுல இன்னும் ஒரு படி மேல போனாங்க. கெட்ட கனா வர்ற 36 பேரு, எல்லாரும் கதைய மாத்தி எழுதிக்கிட்டாங்க, பாதிப் பேரு மட்டும் மாத்துன கதைய நெனைக்கறப்ப ஒரு பியானோ ஒலியையும் கேட்டுக்கிட்டாங்க. அப்பறம் ரெண்டு வாரம் தலைல பட்டை மாட்டிட்டுத் தூங்க உட்டு, ரெம் வந்ததும் அதே ஒலிய 10 விநாடிக்கு ஒருக்கா மெல்லமா போட்டாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் கொறஞ்சுது, ஆனா பியானோ கூட்டத்துக்கு இன்னும் எச்சாக் கொறஞ்சு, சந்தோசக் கனாவும் கூடுச்சு. தூங்கற மூளைக்குக் கதவத் தட்டி "அந்தப் புதுக் கதைய எடு"னு ஞாபகப்படுத்தறது, இதப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல.

இங்க ஒரு பொலம்பல். நானும் பிளஸ் டூ ஹாஸ்டல்ல படிச்சவன்தான், ஸ்கூல் பேரு வேண்டாம், ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஸ்டடி, வெடியால நாலரைக்கு மணி. பதினாறு வயசுல ஒடம்போட கடிகாரமே தள்ளித்தான் ஓடும், சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது, எட்டுல இருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேணும். நாலரைக்கு எழுப்புனா வெட்டுப்படறது பெரும்பாலும் கடைசி ரெம்தான். மூளை அந்தக் கடன உடாது, ஞாயித்துக்கெழம தூங்க உட்டா வட்டியோட வசூல் பண்ணும், அன்னிக்குத்தான் கனா எல்லாம் பயங்கரமா வரும். ஹாஸ்டல்ல ஞாயித்துக்கெழம பேய் நடமாடுதுன்னு நாங்க பேசிக்கிட்டதுக்கு இதான் காரணம். நம்மூருப் புள்ளைக எப்புடித் தூங்குதுகன்னு ஒழுங்கா அளந்து பாக்க யாராச்சும் காசு ஒதுக்குனா தேவலை, தாயத்துக்குப் போற காசுல ஒரு பங்கு போதும். அம்மாயி துண்ணூறு பூசி தலைய நீவி உடறத நான் கொறை சொல்லவே மாட்டேன், அந்தக் கை பட்டாலே பாதி படபடப்பு எறங்கிரும். ஆனா எவனோ ஒருத்தன் ரெண்டாயிரத்த வாங்கிட்டு "வாய்க்கால்ல உழுந்து செத்த ஆவி புடிச்சிருக்குது"ன்னு சொல்லி அனுப்பறான் பாருங்க, அவன் அந்தப் பையன் கனாவுக்குப் புதுசா ஒரு பொணத்த எழுதிக் குடுக்கறான்.

ஒண்ணு மட்டும் கறாரா சொல்லிக்கறேன். நெசமா நடந்த விபத்தோ, யாரோ பண்ணுன கொடுமையோ கனாவா வந்தா, தூங்கவே பயந்து முழிச்சுக் கெடந்தா, சாகலாம்னு தோணுனா, நோட்டு மட்டும் பத்தாது. 14416னு டெலி மானஸ் (அரசோட மனநல உதவி) நம்பர், காசில்ல, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம். சில மாத்திரையும் கெட்ட கனாவக் கெளப்பும், புதுசா ஏதாச்சும் ஆரம்பிச்சிருந்தா எழுதிக் குடுத்த டாக்டர்கிட்டயே கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

பையன்கிட்ட கதைய மாத்தி எழுதச் சொன்னேன். மாமா திரும்பி கைய நீட்டற மாதிரி எழுதுவான்னு நெனச்சேன், அவன் வாய்க்கா தண்ணியையே நிறுத்திட்டான், தண்ணியடைச்ச மாசம், அடியில மணல், ரெண்டு வெள்ளாடு மேயுது, சைக்கிள தள்ளிக்கிட்டு நடுவாலயே நடந்து போறான். மூணு வாரங்கழிச்சு வாய்ஸ் வந்துச்சு. "அண்ணா, ஒருக்கா வந்துச்சுங்ணா, தண்ணி மொழங்கால் வரைக்குந்தான் இருந்துச்சு, ஆடு ஒண்ணையுங் காணோம், மாமா இன்னும் அக்கட்டதான் பாத்துட்டு நிக்கறாரு. இப்ப வேற கனாங்ணா, பரிச்சை ஹாலுக்குப் போயிட்டேன், ஹால் டிக்கெட்டக் காணோம்."

அது எனக்கே இன்னும் வருது கண்ணு, காலேஜ் முடிச்சு பதினேழு வருசமாச்சு.